நான் வெட்டிய முகவரிகள்

சிறுவர் பக்கம் நடத்துவது எளிது என்று சொல்பவரை, ஒரு பிள்ளையின் படத்துக்குக் கீழே இன்னொரு பிள்ளையின் பெயரைப் போட்டுவிட்டுத் தொலைபேசி அருகில் உட்காரச் சொல்ல வேண்டும். கடிதக் கட்டுகளோடும் கட்டுரை ஏடுகளோடும் காலம் தள்ளும் ஆசிரியர்களே, நூலகர்களே, உங்களுக்கு இது புரியும். மலேசியாவில், ஈப்போவில் ஒரு வார இதழின் சிறுவர் பக்கத்தை இருபத்தாறு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். திட்டு வாங்கியதைவிட நன்றிக்கடன் பட்டதுதான் அதிகம்.

பேரரசுக்கு நூறு சொல்

பத்து காஜா என்ற ஊரிலிருந்து ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டிருந்தான்: வெள்ளைக்காரர்கள் அவ்வளவு தூரத்திலிருந்து நம் ஊருக்கு ஏன் வந்தார்கள்? கேள்வி பதில் பகுதியில் எனக்கு நூறு சொல்லுக்குத்தான் இடம். எழுதி அடித்து, எழுதி அடித்து மூன்று நாளில் முடித்தேன். கடினமான சொல் ஒன்றுகூட இல்லை என்று எனக்குப் பெருமை.

பக்கம் கட்டுகிற லெட்சுமணன் அண்ணன் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பொறுமையாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஈயம் வந்திருச்சு, ரப்பர் வந்திருச்சு, கப்பலும் வந்திருச்சு. நாம எப்பம்மா வாரோம்?"

வடிவான பக்கம்

எங்கள் பக்கத்தில் அதிகம் படிக்கப்படுவது கதையல்ல, பிறந்தநாள் வாழ்த்துதான். படிவத்தில் பெற்றோர் எழுதுவதை அப்படியே போடுவோம்: பிள்ளையின் பெயர், வயது, வீட்டு எண், தோட்டத்துத் தொடர்வீடுகளில் எத்தனையாவது லயம், எந்தத் தோட்டம், எந்த ஊர். ஒரு குழந்தையின் சிரிப்புக்குக் கீழே மூன்று வரி முகவரி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், இனி ஊர்ப் பெயர் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். மிச்சமான இடத்தில் ஒரு முயல் கதையை நீட்டினேன்.

லெட்சுமணன் அண்ணன் முணுமுணுத்தார். மற்றபடி யாரும் எதிர்க்கவில்லை. ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ஒருவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், எங்கள் நெடுநாள் வாசகர், தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார். அன்று முழுதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "இப்பதான் பிள்ளை, உங்கட பக்கம் வடிவா இருக்கு."

காஸாவுக்கு ஒரு வாழ்த்து

பாரிட் புந்தாரிலிருந்து ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பிறந்தநாள் படிவம் ஒன்றை நிரப்பி அனுப்பியிருந்தாள். பெயர்: தெரியாது. வயது: ஏழு இருக்கும். ஊர்: காஸா. செய்தியில் பார்த்த பையனாம். இடிந்த சுவர்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தானாம். அன்றைக்கு அவனுக்குப் பிறந்தநாள் என்று செய்தியில் சொன்னார்களாம். முகவரிக் கட்டத்தில் 'அவனைக் கேட்டு எழுதவும்' என்று எழுதியிருந்தாள்.

அவளோடு தொலைபேசியில் பேசினேன். வீடே இல்லாத பிள்ளைக்கு முகவரி எதற்கம்மா, விட்டுவிடலாமே என்றேன். எனக்குத் தெரிந்த உலக அரசியலையெல்லாம் அவள் வயதுக்குச் சுருக்கிச் சொல்லவும் ஆயத்தமாக இருந்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "வீடுதானே டீச்சர் இடிஞ்சிருச்சு. அட்ரஸ் அவனுக்குத் தெரியும்லா."

சுங்காயிலிருந்து வந்தவர்

போன ஆண்டு மணியம் என்ற லாரி ஓட்டுநர் அலுவலகத்துக்கு வந்தார். சுங்காய்ப் பக்கத்தில், முன்பு ரப்பராகவும் பிறகு செம்பனையாகவும் இருந்த ஒரு தோட்டத்தின் லயத்து வீட்டில் நான்காவது தலைமுறையாக இருப்பவர். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டிருந்தது. இடைவிடாமல் குடியிருந்தவர்களுக்கு ஆளுக்கொரு தரை வீடு தருவதாக வாங்கிய நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. பட்டியலில் இவர் பெயர் இல்லை. தோட்ட அலுவலகம் மூடியபின் அங்கே கடிதம் வருவது நின்றுபோனதால், ஐசி அடையாள அட்டையில் சுங்காய்ப் பட்டணத்தில் இருக்கும் மைத்துனர் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறார். பத்து ஆண்டுக்கு முன்பே தோட்டத்தைவிட்டுப் போய்விட்டார் என்று நிறுவனம் அதைக் காட்டியது. மறுப்புச் சொல்ல இரண்டு வாரம்தான் இருந்தது.

பழைய பதிவேடுகளைப் பார்க்கலாமே என்று கேட்டேன். வெள்ளைக்காரக் கம்பெனி கைமாற்றிப் போனது, அடுத்ததும் கைமாற்றியது, ஏடுகள் எந்தக் கையோடு போயின என்று தெரியாது என்றார். யார் எத்தனை கிலோ ரப்பர் பால் எடுத்தார் என்று நாள் தவறாமல் எழுதிவைத்த தோட்டத்தில், எந்த வீட்டில் யார் இருந்தார் என்பதற்கு ஒரு தாள் இல்லை. ஏடுகளைத் தேடிக் கிடைக்காதபோதுதான் அவர் மனைவிக்கு எங்கள் பிறந்தநாள் வாழ்த்துகள் நினைவுக்கு வந்திருக்கின்றன.

கட்டிவைத்த இதழ்களைப் புரட்டினோம். மூத்த மகனின் வாழ்த்து கிடைத்தது, முழு முகவரியோடு. ஆனால் அது பதினான்கு ஆண்டுப் பழையது. வேண்டியது கடைசிப் பத்து ஆண்டுகளுக்கான சான்று. கடைசி மகளின் மூன்று பிறந்தநாள்களும் கிடைத்தன. மூன்றிலும் படத்துக்குக் கீழே ஒரே சொல்: சுங்காய். தோட்டத்தைத் தேடி அவர் விரல் அந்த வரியைத் தாண்டி வெற்றுத் தாளுக்குப் போனது. நான் செய்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "அக்கா, பேப்பர்லயும் எங்கள வீட்ட விட்டுக் கெளப்பிட்டீங்களா?"

பிஸ்கட் தகரங்கள்

லெட்சுமணன் அண்ணன் சாமான் அறைக்குள் போனார். திரும்பும்போது நெஞ்சோடு அணைத்து நான்கு பிஸ்கட் தகரங்கள். பெற்றோர் திரும்ப வாங்காத படங்களை, கூடவே வந்த படிவத்தோடு உறையில் போட்டு, ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருந்தார். குப்பையில் போட நான் இரண்டு முறை சொன்னவைதான் அவை. பிள்ளைகளின் முகத்தை எப்படித் தூக்கிப் போடுவது என்று கேட்டார். சின்னவளின் மூன்று படிவங்களும் இருந்தன: தாயின் கையெழுத்தில் பதினான்காம் எண் வீடு, மூன்றாவது லயம், தோட்டத்தின் பெயர், மேலே வந்த தேதியோடு எங்கள் அலுவலக முத்திரைச் சாப்பு.

அவற்றோடு நானும் ஒரு கடிதம் வைத்தேன். இதழில் முகவரியைச் சுருக்கியது நான், அந்தக் குடும்பமல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறிய கட்டுரை அது. அண்ணன் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் ஐந்து குடும்பத்தார் மணியத்துக்காக வந்து சாட்சி சொன்னார்கள். மறுப்பு மீதான விசாரணையில் படிவங்களை ஏற்றுக்கொண்டார்கள். பட்டியலில் பெயர் ஏறிய அன்று அவர் அழைத்தார். மன்னிப்புக் கேட்க நினைத்த எனக்கு நன்றி என்றுதான் வாயில் வந்தது. அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "அடுத்த மாசம் சின்னவளுக்கு எட்டு வயசுக்கா. புது வீட்டுக்கு இன்னும் நம்பர் வரல, பழைய நம்பரையே போடுங்க, முழுசா."

இப்போது எங்கள் பக்கத்தில் முகவரிகள் மீண்டும் மூன்று வரி வருகின்றன, முயல் கதை அந்த அளவுக்குக் குட்டையாகிவிட்டது, முயலிடமிருந்து இதுவரை புகார் ஏதும் வரவில்லை.