பாதியில் நிறுத்திய பேச்சு

என் கணவர் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். நெஞ்சுச் சளிக்கு நெடுநாளாக மருந்து சாப்பிட்டு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, கூட வேலை பார்த்த ஒருவர் ஐ.சி.யூ.வில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர், "பாண்டியம்மா, எனக்கும் அப்படி ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வாயைக் கழுவுங்க!" என்று அதட்டினேன்.

"ஏ புள்ள, செத்த பெறகா வந்து சொல்ல முடியும்?" என்று சிரித்தார். நான் அவர் நெற்றியில் திருநீறு பூசிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஆறே மாதத்தில் அவரும் ஐ.சி.யூ.வில் கிடந்தார். வாயில் குழாய். அதைப் பிடுங்கிவிடாமலிருக்க இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பத்தாம் நாள் டாக்டர் என்னையும் பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டு, "இனிமே தேற வழியில்லம்மா. குழாயோட இன்னும் வச்சிருக்கணுமா, வேண்டாமா? இதப்பத்தி அவர் ஏதாவது சொல்லியிருக்காரா?" என்று கேட்டார்.

"எப்படியாவது அப்பா உசுரோட இருக்கட்டும்" என்றான் மகன்.

"கையக் கட்டிப் போட்டிருக்காகளேடா, பாவி!" என்று மகள் அவன்மேல் பாய்ந்தாள்.

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மாரியாத்தா, நான் என்னவென்று சொல்வேன்! கும்பிட்டபடியே நின்றேன். இன்னும் ஒன்பது நாள் அப்படியே கிடந்துதான் போய்ச் சேர்ந்தார். அது அவர் விரும்பியதா, நான் கொடுத்த தண்டனையா என்று தெரியாமல் இன்றும் துடிக்கிறேன்.

காரியம் முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்தேன். "பொழைக்க வழியிருந்தா என்ன வைத்தியமும் பாருங்க. வழியில்லன்னா எனக்குக் குழாய் வேண்டாம். இருக்கன்குடி ஆத்தா திருநீறைப் பூசிட்டுப் பக்கத்துல இருங்க" என்றேன்.

"ஏம்மா இப்படிப் பேசுறீக?" என்று மகன் காதைப் பொத்திக்கொண்டான்.

அவன் கையை விலக்கிவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.