என் கைகள் நடித்த படம்

நான் சாக்ஸபோன் வாசிப்பவள். ஆரணியில் இதைச் சொன்னால், "கல்யாண செட்டா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை, ஜாஸ். இருபது வருடமாக வெள்ளி, சனிக்கிழமைகளில் சென்னைக்குப் பஸ் ஏறிப் போய் ஓட்டல்களில் வாசிக்கிறேன். சாப்பிடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதே அபூர்வம். அதில் எனக்குக் கோபமில்லை. கோபம் வந்தது ஒரு சினிமாவால்.

எங்கள் பக்கத்துச் சேத்துப்பட்டுக்காரரான ஓர் இயக்குநர், பட்டு நெய்கிற குடும்பத்துப் பெண் ஜாஸ் கலைஞராகும் கதையை எங்கள் ஊரிலேயே படமாக எடுத்தார். நாயகிக்கு வாசிக்கத் தெரியாது. வாசிப்பு என்னுடையது, க்ளோஸப்பில் வரும் கைகளும் என்னுடையவை. முகம் மட்டும் அவருடையது. எனக்கு அது போதும். என் விரல்கள் என்ன செய்கின்றன என்று இந்த ஊர் ஒரு தடவையாவது பெரிய திரையில் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காக ஒரு முழுப் பகல் விளக்குச் சூட்டில் நின்று, ஒவ்வொரு டேக்கிலும் பதிவான வாசிப்புக்கு இம்மி பிசகாமல் விரல் வைத்தேன். ஜாஸில் அந்த நேரம் மனதில் தோன்றுவதைத்தான் வாசிப்போம். வாசித்ததையே திரும்ப வாசிப்பது எங்களுக்குத் தண்டனை. அதையும் செய்தேன்.

வெளியாவதற்கு முன், படப்பிடிப்புக்கு வீடு கொடுத்த நெசவுக் குடும்பங்களுக்கு ஊர் தியேட்டரில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். என் கைகள் வந்தன. வலது கை மேலே, இடது கை கீழே. எந்த சாக்ஸபோன்காரரும் அப்படிப் பிடிப்பதில்லை. இடது கைதான் மேலே. எடிட்டிங்கில் காட்சியை இடம் வலமாகத் திருப்பிவிட்டார்கள், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. நாயகி பார்க்கிற திசையோடு என் கைகள் ஒட்டவில்லையாம்.

வெளியே வந்ததும் இயக்குநரிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் நெசவுக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நாயகி பட்டுப்புடவையில் நடந்து வரும் காட்சியையும் அதேபோல் திருப்பியிருந்தார்களாம். நான் அதைக் கவனிக்கவில்லை.

"இன்னா சார் இது, முந்தானை சோத்தாங்கை பக்கத்துத் தோள்ல தொங்கிகினு இருக்குது? நம்மூரு பொண்ணு அப்படியா கட்டும்?" என்றார் ஒருவர்.

இயக்குநர் கைகூப்பினார். "ரிலீஸுக்குள்ள மாத்திடறேங்க."

கூட்டம் கலைந்ததும், "என் கையையும் மாத்துங்க சார்" என்றேன்.

"முந்தானைன்னா ஊரே கேக்கும் மேடம். எந்தக் கை மேல, எந்தக் கை கீழன்னு யாருக்குங்க தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

"நீங்க ஒருத்தர்தானே" என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைவிட என் ஊர்க்காரர்கள் மேல்தான் அதிகம். புடவையில் ஒரு இழை தப்பினாலும் கண்டுபிடிக்கிறவர்கள். முந்தானைக்காகப் பேசிய அதே மனிதரிடம், எனக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். "நல்லாத்தானே வாசிச்சுகினு இருந்துச்சு அந்தப் பொண்ணு" என்றார். அந்தப் பொண்ணு என்று அவர் சொன்னது நாயகியை.

படம் வெளியானது. முந்தானை இடது தோளுக்குத் திரும்பிவிட்டது. என் கைகள் அப்படியே கிடந்தன. என்னோடு ஓட்டலில் டிரம்ஸ் வாசிப்பவர் போன் செய்து, "யார் கைங்க அது? பிடிக்கவே தெரியல" என்று விழுந்து விழுந்து சிரித்தார். என்னுடையதுதான் என்று சொல்லாமலே போனை வைத்தேன். ஒரு பகல் முழுக்க உழைத்து, நானே என்னைக் கற்றுக்குட்டியாகக் காட்டியிருக்கிறேன்.

போன மாதம் வந்தவாசியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை பஸ் பிடித்து வந்தார். என் வயதுதான் இருக்கும். படம் பார்த்து ஆசை வந்ததாம், கற்றுக்கொள்ள வேண்டுமாம். மனதுக்குள் கொஞ்சம் குளிர்ந்துபோய் என் சாக்ஸபோனை அவர் கழுத்தில் மாட்டினேன். வலது கையை மேலே வைத்தார்.

"மாத்திப் பிடிக்கணும்ங்க" என்றேன்.

"இல்லைங்க, இப்படித்தான். மூணு வாட்டி பாத்துட்டேன். அவங்க கை இப்படித்தான் இருந்துச்சு."

"அது என் கைங்க."

அவர் என் கைகளைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். பொய் சொல்கிறவரிடம் வம்பு எதற்கு என்கிற மரியாதையோடு, "சரிங்க" என்றார். கையை மாற்றவில்லை.