முத்தலிப்பின் முன்கண்ணாடி

ஜவுபரைப் பொறுமைசாலி என்று சாய்ந்தமருதில் சொல்வார்கள். அது சரியான சொல் அல்ல. மூன்று வருடம் வாய் திறக்காமல் இருந்தவனைப் பார்த்து ஊர் அப்படி நினைத்துக்கொண்டது.

கட்டாரில் எட்டு வருடம் மோட்டார் சைக்கிள் கராஜில் உழைத்து, மனைவி றஹீலாவின் வளவில் கல்வீடு கட்டினான். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளை அங்கே போய் வாழ்கிறவன். காணி உறுதிப் பத்திரம் மாமியின் பெயரிலேயே கிடந்தது. மாற்றி எழுதச் சொல்லிக் கேட்பது மரியாதையில்லை என்று ஜவுபர் இருந்துவிட்டான். மாமியையும் றஹீலாவையும் மகளையும் வீட்டையும் சுனாமி ஒரே காலையில் கொண்டுபோனது. கடற்கரைக்காரர்களுக்கு வயலோரத்தில் புது வீடுகள் கொடுத்தபோது, றஹீலாவின் அண்ணன் முத்தலிப் உறுதியின் பிரதியோடு போய்த் தன் பெயரைப் பதிந்தான்.

"பொஞ்சாதி மௌத்தாப் போனா மச்சானுக்கு அந்த ஊட்டுல என்ன முறை இரிக்கி? எனக்குக் கட்டிக்குடுக்க ரெண்டு கொமர் இரிக்கி," என்றான், கேட்டவர்களிடம். யாரும் மறுக்கவில்லை. ஜவுபர் ஊரில் தான் நடத்திய கராஜின் பின்னறையில் பாயை விரித்துக்கொண்டான்.

2007இல் ஒரு காலை, முத்தலிப் புதிதாக வாங்கிய சின்ன ரெபல் மோட்டார் சைக்கிளோடு வந்து நின்றான். சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற சாதி. பின்சீற்றில் ஒரு அட்டைப்பெட்டி.

"கொழும்புல இருந்து எடுப்பிச்ச விண்ட்ஷீல்ட், மச்சான். கோமாரித் தோட்டத்துக்குப் போகக்குள்ள காத்து நெஞ்சிலயே குத்துது. இத ஒன்ட கையாலதான் பூட்டோணும்."

"இந்த வயசில படுத்துக்கிட்டு ஓடுற பைக் என்னத்துக்கு?"

"ஒனக்குப் பொறாம." முத்தலிப் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான்.

அந்தச் சிரிப்பில் எந்தக் குற்ற உணர்வும் இல்லை. அதுதான் ஜவுபரின் கையைத் தீர்மானித்தது. அக்ரிலிக் கண்ணாடியில் திருகாணியைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை போட வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் வொஷர் வைத்து, கை இறுக்கத்துக்கு மேல் போகக்கூடாது. ஜவுபர் ரப்பர் வைக்கவில்லை. நான்கு நட்டையும் ஸ்பேனரால் பல்லைக் கடித்து முறுக்கினான். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. கோமாரி ரோட்டில், ஆள் இல்லாத இடத்தில், அது பிளந்து முகத்துக்கு வரும்.

முத்தலிப் திரும்பி வந்து, சாவியை நீட்டிவிட்டுப் பின்சீற்றில் ஏறிக்கொண்டான். "எடு, மச்சான்."

ஜவுபரின் வழக்கத்தை ஊரே அறியும்: பூட்டின சாமானைத் தானே ஓட்டிக் காட்டாமல் கொடுக்கமாட்டான், சொந்தக்காரன் பின்னால் இருக்க, களியோடைப் பாலம் வரை போய் வருவான். தன் வழக்கத்தை மறந்துதான் இதைச் செய்திருந்தான். இப்போது மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

காரைதீவு தாண்டும்வரை மெல்ல ஓட்டினான்.

"என்ன மச்சான், மையத்த அடக்கக் கொண்டுபோறியா? கொஞ்சம் முறுக்கன்."

நிந்தவூர் கழிந்து வயல்வெளி வந்தபோது முறுக்கினான். கண்ணாடி ஓரத்தில் சின்னதாக ஒரு சத்தம். வலப்பக்க ஓட்டையிலிருந்து மயிரிழை போல ஒரு வெடிப்பு மேலே ஏறியது. பின்னால் முத்தலிப் அவன் முதுகு மறைப்பில் காற்றுப் படாமல் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தான்.

ஜவுபர் பாலத்தடியில் நிறுத்தினான். சாவுப் பயம் இருந்தது, இல்லையென்பது பொய். ஆனால் அதைவிட வேறொன்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. கோமாரியில் இவன் விழுந்திருந்தால் விபத்து என்றுதான் செத்திருப்பான். எதற்காக என்று தெரியாமல் செத்திருப்பான். தெரியாத அடி தண்டனை ஆகாது.

"ரப்பர் போடல்ல," என்றான்.

"என்ன?"

"வெடிப்பப் பாருங்க. கோமாரி ரோட்டுல இது உங்கட மூஞ்சிக்கு வரோணும் எண்டு தெரிஞ்சுதான் இறுக்கினன்."

முத்தலிப் வெடிப்பை விரலால் தடவினான்.

"அந்த ஊட்டுக்காகவா?"

"ஓம்."

"அது நம்மட முறதானே, மச்சான்."

"முறதான். நீங்க ஒருக்கா வந்து, 'படுக்க எடமிரிக்கா' எண்டு கேட்டிருந்தா நானும் முற எண்டுதான் இருந்திருப்பன்."

"சரி, கழட்டிப் போடன்."

"கழட்டமாட்டன். ஓடுறதெண்டா ஓடுங்க, உருட்டுறதெண்டா உருட்டுங்க."

கல்முனை பஸ் வந்தது. ஜவுபர் கைகாட்டி ஏறினான். பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, முத்தலிப் மத்தியான வெயிலில் அந்தப் பாரத்தைச் சோதனைச் சாவடிப் பக்கமாக உருட்டிக்கொண்டிருந்தான்.

முத்தலிப் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், மச்சானுக்குப் படுக்க இடமிருக்கா என்று ஒருதரமும் கேட்காததையும் சொல்ல வேண்டும். ஜவுபரும் திருப்தியடையவில்லை, யுத்தம் முடிந்த வருடத்திலும், அதற்குப் பிறகும். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலுக்குப் பிந்திப் போவான். முத்தலிப் எந்த வரிசையில் நிற்கிறான் என்று தேடி, ஆட்களை நெருக்கி, அவனுக்கு வலப்பக்கத்தில் தோளோடு தோள் சேர்த்து நிற்பான். தொழுகை முடியும்போது முதலில் வலப்பக்கம் திரும்பித்தான் சலாம் சொல்ல வேண்டும். முத்தலிப் திரும்புவான், உன்மீது சாந்தி உண்டாகட்டும் என்று ஜவுபரின் முகத்தைப் பார்த்துச் சொல்வான். அவன் உதடு அசைவதை ஜவுபர் கடைக்கண்ணால் முழுதாகப் பார்த்து முடித்த பிறகே மெதுவாகத் தன் வலப்பக்கம் திரும்புவான்.