கோலம் இல்லாத வாசல்

உசிலம்பட்டிக்கு மேற்கே, கண்மாய் வறண்ட ஒரு கிராமத்தில் காலை பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். தெருவில் ஆளே இல்லை. எல்லா வீடும் பூட்டிக் கிடக்கிறது. ஸ்பெயினில் சோரியா மாகாணத்தில் இப்படிக் காலியான ஊர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே வாசலில் புல் முளைத்திருந்தது. இங்கே பூட்டிய வீடுகளின் முன்னால், ஈரம் காயாத தரையில், புதுக் கோலங்கள்.

தெருமுனையில் ஒரு பெண் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிற்கிறார்.

"ஊரே திருப்பூருக்குப் போயிருச்சு தம்பி. இம்புட்டு வாசலுக்கும் நாந்தேன் கோலம் போடுறேன்."

"எதுக்குக்கா?"

"போடலைன்னா எழவு விழுந்த வீடுன்னுல்ல நெனப்பாக."

கடைசி வீட்டு வாசலில் மட்டும் கோலம் இல்லை. கதவுப் பூட்டு துருவேறி இறுகிப் போயிருக்கிறது.

"அது யார் வீடு?" என்று கேட்கிறேன்.

கிண்ணத்தை மூடிக்கொண்டே சொல்கிறார்: "என் வீடுதேன்."