தெரு முழுக்க ஒரே மொட்டை

ஆளில்லாமல் கிடந்த எங்கள் தெருவில் மறுபடியும் ஜனத்தைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான். சத்தியமாகப் பொய். நான் செய்ததெல்லாம் சட்டை மாற்றியது மட்டும். மற்றது சித்தப்பா வேலை.

திருநீர்மலைக்குப் பின்பக்கம், ஏரியை ஒட்டி ஒரே ஒரு தெரு எங்களுடையது. நான் பிறப்பதற்கு முன்னால் சந்தை மாதிரி இருக்குமாம். ஏரி நாறிப்போய்க் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளானதும், ஒவ்வொரு குடும்பமாகத் தாம்பரம் பக்கம் போய்விட்டது. போகிறவர்கள் வீட்டுச் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் சுவரில் சாமி படத்தைவிடச் சாவி அதிகம். தெருவில் மிஞ்சிய ஒரே பொடியன் நான். கிரிக்கெட்டில் பந்து போடுவதும் நான், அடிப்பதும் நான். அப்படியும் அவுட் ஆவேன்.

ஏரியில் இருந்த கொக்குகளும் அப்போதே போய்விட்டன. பிறகு நல்ல மழை பெய்து ஏரி தெளிந்தது. கொக்கும் வரவில்லை, ஜனமும் வரவில்லை.

சித்தப்பாவுக்குக் கல்யாண மேடை அலங்கார வேலை. தெர்மாகோலில் அன்னம், மயில் எல்லாம் வெட்டுவார். மிச்சத்தில் கொக்கு வெட்டி, ஏரி நடுவிலிருந்த கருவேல மரத்தில் வரிசையாகக் கட்டிவிட்டார்.

"கூட்டம் இருந்தாதான்டா கூட்டம் சேரும். காலியா கீற ஓட்டல்ல எவன்டா துன்னுவான்?"

ஒரு காக்கா மட்டும் வந்து கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டுப் போனது.

அந்தச் சமயத்தில்தான் பம்மலிலிருந்து சித்தப்பாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அதற்கு முன் வந்தவர்கள் தெருமுனையோடு திரும்பியிருந்தார்கள். பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில்தான் விசாரிப்பார்கள். எங்களுக்கு அக்கம் இருந்தது, பக்கமும் இருந்தது, ஆள்தான் இல்லை. இதுவும் தட்டிப்போனால் நானும் தாம்பரத்துக்கே போய்விடுவேன் என்றார் சித்தப்பா. அப்புறம் நான் அடிக்கிற பந்தை யார் பொறுக்கிப் போடுவது?

கொக்குக்குச் செய்த வைத்தியத்தையே அவர் தெருவுக்கும் செய்தார். சாவிகளை எடுத்துப் பூட்டுகளைத் திறந்தார். வாசலுக்கு வாசல் கோலம். கொடிக்குக் கொடி எங்கள் வீட்டுத் துணி. எங்கள் வீட்டு ஜனத்தையே பிரித்து, ஒரு வீட்டில் அம்மா, அடுத்ததில் பெரியம்மா, அதற்கடுத்ததில் அத்தை, கோடி வீட்டில் அப்பா. குழந்தை இல்லாத தெரு என்று நினைத்துவிடக் கூடாதே, அதனால் அத்தனை வீட்டுக்கும் பிள்ளை நான். கொல்லைப்புறமாக ஓடிப்போய், சட்டை மாற்றி, அடுத்த வாசலில் நிற்க வேண்டும்.

எல்லாம் யோசித்த சித்தப்பா ஒன்றை மறந்துவிட்டார். அதற்கு முந்தின வாரம்தான் திருத்தணியில் எனக்கு மொட்டை போட்டிருந்தார்கள்.

பெண்ணின் அப்பா பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாழப்போகிறவள் அவளே பார்க்கட்டும் என்றாராம். முதல் வீட்டில் அம்மா, கொழுந்தனை யாரோ எவரோபோல, "தங்கமான புள்ளைங்க" என்றாள். இரண்டாவது வீட்டில் நான் சிவப்புச் சட்டையில் நின்றேன். அவர் என் தலையை உற்றுப் பார்த்தார். மூன்றாவது வீட்டில் மஞ்சள் சட்டை, மேல்மூச்சு கீழ்மூச்சு.

"இன்னா மாப்ள, இந்தத் தெருவுல அல்லாப் புள்ளைக்கும் மொட்டையா?"

"ஊரே சேர்ந்து வேண்டிக்கினோம் மாமா."

"மூஞ்சும் ஒரே மாரி கீதே?"

"தண்ணி அப்படி மாமா."

அவர் கோடி வீட்டைப் பார்த்து நடந்தார். நான் கொல்லைக்கு ஓடினேன். அவசரத்தில் நீலச் சட்டை தலையில் மாட்டிக்கொண்டது. யாரோ அதைக் கீழே இழுத்துவிட்டார்கள். பார்த்தால், கைகால் கழுவ வந்த கல்யாணப் பெண். நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

"சீ, அழாத. இப்போ எந்த வூட்டுப் புள்ளடா நீ?"

"கோடி வூடு."

"பித்தானை மாத்திப் போட்டுகினு கீற. இப்டியே போனா மாட்டிப்ப." சரியாகப் போட்டுவிட்டு, தன் கைக்குட்டையை என் மொட்டைமேல் கட்டினாள். "கேட்டா சளினு சொல்லு."

அப்புறம் ஏரியைப் பார்த்தாள். "எம்மாங் கொக்குடா!"

"அல்லாம் தெர்மாகோலுக்கா. சித்தப்பா வெட்னது."

அவள் சிரிக்கச் சிரிக்க, அதில் ஒன்று இறக்கையை விரித்துக் கோதிக்கொண்டு, மறுபடி அதே கிளையில் உட்கார்ந்தது. நிஜக் கொக்கு!

"பொய்க் கொக்குனு அதுக்குத் தெர்லயாக்கா?"

"பக்கத்துலயே குந்திகினு கீது, தெரியாமயா இருக்கும்? இவ்ளோ மெனக்கெட்டு ஒருத்தன் கூப்பிடறானே, இருந்துதான் பாப்போம்னு வந்துகீது."

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன். கொக்குக்குத் தெர்மாகோல் தெரியும், ஆனால் மனசு இளகின ஜாதி என்று வெகுநாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் கொக்கைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

இப்போது அந்த மரம் பூத்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது. ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்து வாங்கிக்கொண்டதில், எங்கள் சுவரில் ஒரே ஒரு சாவிதான் மிச்சம். அன்றைக்குக் கைக்குட்டையோடு கோடி வீட்டு வாசலில் போய் நின்றேனா, பெண்ணின் அப்பா மெதுவாக என் பக்கம் குனிந்து…

"டேய் மொட்டை!"

சித்தி கூப்பிடுகிறாள். இப்போது எந்தச் சாமிக்கும் வேண்டிக்கொள்ளாமலே எனக்கு மொட்டைதான்.

"கதை வுட்டது போதும்டா! கோடி வூட்டுக்குக் குடி வந்துட்டாங்க, வண்டி நிக்குது. சாவிய எடுத்துகினு ஓடியா!"