மோட்ச தீபத்துக்குச் சொன்ன பெயர்

காலையில் விளக்கேற்றிவிட்டு, மகளுக்காகப் பாடத்தை வாசித்துப் போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். நடுவில் அவள் தோழி கூப்பிட்டாள். "ஆன்ட்டி, கயல்விழி மிஸ் தவறிட்டாங்க. நெஞ்சுவலியாம்." என் மகள் செல்வராணிக்குக் கண் தெரியாது. முகத்தை மறைக்க வேண்டியிருக்கவில்லை. குரலைத்தான் மறைக்க முடியவில்லை.

கல்லூரியில் அவரிடம் படித்த பிள்ளைகளே, உங்களுக்குத் தெரியும், மிஸ் ஒரு திருநங்கை. செல்வராணியைச் சேர்க்கப் போன அன்று அவரைப் பார்த்ததும், வேறு பிரிவு கிடைக்குமா என்று அலுவலகத்தில் கேட்டவள் நான். பின்னாளில் அவரிடமே ஒத்துக்கொண்டேன். "தெரியும்க்கா. அன்னைக்கு உங்க பின்னாலதான் நின்னுக்கிட்டிருந்தேன்" என்றார்.

வகுப்பில் யார் பேசினாலும் முதலில் தன் பேரைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார். செல்வராணிக்கு ஆள் தெரிய வேண்டுமே. ஒரு பையன், "நான் கலெக்டர்" என்றானாம். "அப்பப் பாளையம்பட்டி பஸ்ஸு ஏன் தினமும் லேட்டுன்னு சொல்லுங்கய்யா" என்று அவனை உட்காரவே விடவில்லையாம்.

நான் எட்டாவதோடு நின்றவள். தோத்திரப் புத்தகங்களைக் கூட்டிக்கூட்டி வாசித்துப் பழகியவள். ஒருமுறை பாடத்தில் திருநங்கையர் பற்றிய இரண்டு பக்கத்தைக் கூச்சப்பட்டுத் தாண்டிவிட்டேன். பதிவைக் கேட்ட மிஸ் கண்டுபிடித்துப் போன் செய்தார். "என்னையப் பத்தி இருக்குற பக்கத்தப் போயி விட்டுட்டீங்களேக்கா" என்று சிரித்தார். பிறகு, "உள்ளத வாசிங்க. வேணுமா வேணாமான்னு அவ சொல்லட்டும்" என்றார்.

துக்கத்துக்குப் போனபோது, திருச்சுழியில் அவர் தெருமுனையில் வீட்டார் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பெற்றவர்கள் வைத்த ஆண் பெயர், மீசையோடு பழைய படம். "என்னம்மா போட்டிருக்கு?" என்றாள் செல்வராணி. கயல்விழி என்று வாசித்திருந்தால் நம்பியிருப்பாள். உள்ளதை வாசித்தேன். என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அவுக அப்படிப் போட்டுட்டாக. நாம என்னன்னு சொல்லுவோம்மா?"

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு, இறந்தவருக்கு ஏற்றும் மோட்ச தீபத்துக்காகக் கோயிலுக்குப் போனேன். சீட்டு எழுதுபவர் பேர் கேட்டார். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால்தான் போய்ச் சேருமோ, சாமி காரியத்தில் பிசகிவிடுவேனோ என்று உதறல். செல்வராணி என் பக்கத்தில்தான் நின்றாள்.

"கயல்விழி."

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு" என்றேன்.

நாளை கல்லூரி இரங்கல் கூட்டத்தில் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருப்பார்களோ, அந்தக் கவலை இன்னும் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் பெயரைத்தான். நடுங்கிக்கொண்டே சொன்னேன். மாற்றிச் சொல்லவில்லை.