பார்க்காமல் நீட்டிய கை

எங்கள் வீட்டில் எட்டு மணி நாடகம் ஊமைப்படமாகத்தான் ஓடும். வெற்றிலைக் கொடிக்காலுக்கு விடிவதற்கு முன்பே போகிறவர் என் வீட்டுக்காரர். ஏழரைக்கெல்லாம் கூடத்துக் கட்டிலில் சாய்ந்துவிடுவார். டிவியும் அதே கூடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் சத்தம் வைத்தாலும் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "ஏம்புள்ள, இவிய அழுகறது ஆத்துக்கு அக்கரைக்கே கேக்குமாட்ட இருக்குது" என்பார். அதனால் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு ஆட்களை மட்டும் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். கதை புரியாவிட்டால் மறுநாள் காலையில் பக்கத்து வீட்டக்கா விளக்கிச் சொல்லிவிடும்.

போன வருடம் இந்த ஊமைப்படத்துக்கு இன்னோர் ஆள் சேர்ந்தது. என் மருமகள், தம்மம்பட்டிப் பெண். மகனுக்கு ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை. கல்யாணமான இரண்டாம் மாதமே போர் போட வடக்கே கிளம்பிவிட்டான். போனால் வர மாசக்கணக்கில் ஆகும். அவள் அப்பா போன் செய்யும்போதெல்லாம், மாப்பிள்ளை வரும்வரை இங்கே வந்து இரேன் என்பார். "பாக்கலாம்ப்பா" என்பாள் அவள். அந்தப் 'பாக்கலாம்' வருகிறேன் என்றா, வரவில்லை என்றா என்று எனக்குத் தெரியாது. அவள் போகக் கூடாது என்று எனக்கு ஆசை. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனால் பெற்றவர்கள் கூப்பிடும்போது போகாதே என்று எந்த வாயால் சொல்வது?

அவள் மனசில் என்ன இருக்கிறது என்று பேச்சை வைத்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. எங்கள் பக்கம் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவோம். பிடித்தவரோ பிடிக்காதவரோ, முறைத்துக்கொண்டு போகிற பங்காளியோ, எல்லோருக்கும் ஒரே 'வாங்க'தான். அவள் ஊரில் அப்படி இல்லை. பெற்ற தாயும் 'நீ', பிரியமான அத்தையும் 'நீ'. புகுந்த வீட்டில் மரியாதையாகப் பேசணும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல. வந்த நாளிலிருந்து எங்களையே தோற்கடிக்கிற மாதிரி 'ங்க' போட்டாள். ஒரு நாள் அடுப்புத் திட்டில் ஏறிய பூனையிடம், "எறங்குங்க, பால் இருக்குதுங்க" என்றாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்து முடித்ததும் கவலை வந்துவிட்டது. பூனைக்கும் எனக்கும் ஒரே மரியாதை என்றால் இவள் இன்னும் இந்த வீட்டில் விருந்தாளிதானே?

அப்போது ஓடிக்கொண்டிருந்த நாடகத்தில் இரண்டு ஓரகத்திகள் சேர்ந்து ஒரு மெஸ் நடத்துவார்கள். பெரியவள் தோசைக்கல் முன்னால், சின்னவள் பின்னால். நாள் தவறாமல் சண்டை. வாய் அசைகிற வேகத்தைப் பார்த்தாலே என்ன பேச்சு என்று தெரியும். ஒரு நாள் ராத்திரி மருமகள் என் காதருகே குனிந்து, "அத்தை, இவங்க நெசமாச் சண்ட போடலைங்க. கையப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். பெரியவள் திட்டிக்கொண்டே, திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். எண்ணெய்க் கிண்ணம் கைக்கு வந்தது. இன்னொரு தடவை நீட்டினாள், தோசைத் திருப்பி வந்தது. என்ன வேண்டும் என்று இவள் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. அதே பெரியவள் தன் சொந்தத் தங்கை வந்தால் கட்டிப்பிடித்துச் சிரிப்பாள். ஆனால் தங்கை உட்கார்ந்திருக்கும்வரை இடுப்பில் சொருகிய சாவிமேல் ஒரு கை இருந்துகொண்டே இருக்கும். சத்தத்தோடு பார்த்தவர்களுக்கு இதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது!

அதற்கப்புறம் எங்களுக்கு இதே வேலையாகிவிட்டது. யார் யாருக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார்கள், யார் குடித்த டம்ளரை யார் கேட்காமல் எடுக்கிறார்கள் என்று இரண்டு பேரும் கிசுகிசுத்துக்கொண்டே பார்ப்போம். பக்கத்து வீட்டக்கா ஒரு நாள் மூச்சிரைக்க வந்து, "சின்னவ மெஸ்ஸ எழுதி வாங்கிட்டுப் பெரியவளக் கவுத்துட்டாளுங்கொ" என்றது. "இருக்காதுங்க. நேத்துக்கூடப் பெரியவங்க சின்னவங்க மடியில தலைய வெச்சுப் பேன் பாக்க விட்டாங்களே" என்றாள் என் மருமகள். அடுத்த வாரம் பார்த்தால் எல்லாம் பெரியவளின் சொந்தத் தங்கை செய்த வேலை. பக்கத்து வீட்டக்காவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இந்தப் பெருமையில் நான் ஒரு காரியம் செய்தேன். மறுநாள் தோசை ஊற்றும்போது, திரும்பாமல், பெரியவள் மாதிரியே கையைப் பின்னால் நீட்டினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினேன். பின்னாலிருந்து பதறிய குரல் கேட்டது: "என்னங்க அத்தை, கை புடிச்சுக்கிச்சுங்களா? தைலம் கொண்டு வரட்டுங்களா?" பிறகு கால் மணி நேரம் எனக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். நோவே இல்லாத கைக்குத் தைலம் தேய்த்தால் எப்படி எரியும் தெரியுமா? தோசை கருகியதுதான் மிச்சம்.

மாசியில் அவள் ஊரில் திருவிழா வந்தது. சம்பந்தி நேரிலேயே வந்துவிட்டார். காபியைக் குடித்துவிட்டு, மாப்பிள்ளை வர்ற வரைக்கும் பொண்ணு எங்ககூட இருக்கட்டுமே என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "அதுக்கென்னங்க, அவ ஊடுதானுங்க, கூட்டிட்டுப் போங்க" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நாடகத்தில் என்னை ஊமையாக ஓடவிட்டிருந்தால் என் முந்தானை முனை கையில் கசங்குவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அவள் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தாள். அறை வாசலில் போய் நின்றேன். என் வீட்டு அறைக்குள் போக எனக்கே தயக்கமாக இருந்தது. அவள் எனக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியைக்கூடப் பார்க்காமல், குனிந்து கொசுவத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இடது கை மடிப்பில் இருந்தது. வலது கை பின்னால் நீண்டது.

"அத்த, பின்னு குடு."

திரும்பிப் பார்க்கவில்லை. நான் அங்கே நிற்கிறேனா என்று கேட்கவும் இல்லை. 'ங்க' இல்லை, 'கொஞ்சம்' இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் தாலிச் சரட்டில் எப்போதும் இரண்டு ஊக்கு கோத்திருக்கும். ஒன்றைக் கழற்றி அந்த உள்ளங்கையில் வைத்தேன். கை முன்னால் போயிற்று.

"தேர் முடிஞ்சு திங்கக்கெழம வந்துடுவேன். அப்பா கெடக்குது, அதுகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள், ஊக்கைக் குத்திக்கொண்டே. "அதுவரைக்கும் ஒழுங்கா நாடகம் பாத்து வெய்யி. பக்கத்து ஊட்டுக்காரங்க சொல்ற கதையெல்லாம் என்கிட்ட சொல்லாத."

"சரிங்க" என்றேன்.